மூச்சை விடலாம்

அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று பினாயில் வாடையும் இயந்திரத்தின் மெல்லிய இரைச்சலும் என்னை வரவேற்றன. சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

சின்ன வயதில் என் கை உடைந்தபோது அப்பா என்னை இங்கேதான் கூட்டி வந்தார். அன்றிலிருந்து வேறு எந்த வேலையும் மனதில் ஒட்டவில்லை. அந்த அறையில் யாரோ எனக்காகக் காத்திருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருக்கும். தேடி வந்த வங்கி வேலையைக்கூட வேண்டாமென்றேன்.

"டாக்டராகணும்னு அழுறவங்களப் பாத்திருக்கேன். எலும்பைப் படம் புடிக்கணும்னு அழுறது நீ ஒருத்திதான்டி," என்று அக்கா சிரித்தாள். சிரிக்கட்டும். திங்கட்கிழமை என்றாலே தலைவலி என்று படுக்கிறவள் அவள்.

நெஞ்சுப் படம் எடுக்கும்போது ஆளைப் பலகையோடு ஒட்டி நிற்க வைப்போம். கதிர் எங்கள் மேல் படாமலிருக்க வைத்திருக்கும் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுத்துப் புடிச்சுக்குங்க" என்போம். பொத்தானை அழுத்தியதும், "மூச்சை விடலாம்" என்போம். அதைச் சொல்ல மட்டும் மறக்கக் கூடாது. சொல்லும் வரை முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவிகள் உண்டு.

முதல் நாள் மதியம், கடைசி ஆளை அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன்.

பலகைப் பக்கமிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள்.

காத்திருந்தேன். அது வெளியே வரவில்லை.

மறுநாளும் அதேதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆயாம்மாவிடம் கேட்டேன். அவள் வராண்டாவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கும் கேக்குதா கண்ணு? முன்னாடி இருந்த டெக்னீஷியன், ஒருத்தர மூச்சைப் புடிக்கச் சொல்லியிருக்காரு. அந்நேரம் பாத்து வெளிய ஒரு குழந்தை மயங்கி விழுந்துருச்சு. அதைத் தூக்க ஓடினவரு, இவர மறந்துட்டாரு. திரும்பி வந்து பாத்தா, பலகையில தாடைய வச்சபடியே நிக்கிறாரு மனுஷன். உசுரு இல்ல."

"எந்தக் குழந்தை?"

"யாரு கண்டா. கை உடைஞ்ச ஒரு சின்னப் பொண்ணு."

அன்று வராண்டாவில் நான் மயங்கி விழுந்ததை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அன்று மதியமே தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவர் போய்விடுவார். வாயைத் திறந்தேன்.

அவர் போய்விட்டால், நாளைக் காலை நான் எதற்காக இங்கே ஓடி வருவேன்?

இந்த அறைக்கு ஓடி வரும் ஆசையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. அது போய்விட்டால் நானும் அக்காவைப் போல ஆகிவிடுவேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டினேன். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லவில்லை.

பிறகு படங்களில் அது தெரிய ஆரம்பித்தது. யாரை நிற்க வைத்தாலும், அவருடைய விலா எலும்புகளுக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு கூடு. விரிந்தது விரிந்தபடி.

இன்று மதியம் சத்தம் பலகைப் பக்கமிருந்து வரவில்லை.

தடுப்புக்கு இந்தப் பக்கம். என் காதருகே.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பேச மூச்சு வெளியே வர வேண்டுமே. என் நெஞ்சு விரிந்து, அப்படியே நின்றுவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆயாம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து முதுகில் ஓங்கி அறைந்திருக்காவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"வேணாம் கண்ணு. இந்த வேலைய விட்டுரு," என்றாள் காதோரமாக.

விட்டுவிட்டேன். சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வங்கியோ கடையோ, கிடைத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான். அக்கா இன்னும் வரவில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அலமாரி மேல் விழுகிறது.

அதன் பின்னால் இப்போது யாரோ மூச்சை இழுத்தார்கள்.

காத்திருக்கிறேன். இன்னும் வெளியே வரவில்லை.