ஏழாம் குடிலின் படிக்கட்டுப் படம்

ஏழாம் எண் குடிலின் சாவி பெரியவள் கைக்குத்தான் போயிற்று. முன்பதிவு செய்தது சின்னவள். மூன்று மாதம் தேடி, இரண்டு குடும்பத்துக்கும் கட்டுப்படியாகிற இடமாக இதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஆனால் மேலாளர், சிரித்த முகத்தோடு முன்னால் போய் நின்ற பெரியவளிடம் சாவியை நீட்டினார். சின்னவளுக்கு வயிறு எரிந்தது. அது இன்று நேற்று பற்றிக்கொண்ட எரிச்சல் அல்ல, எட்டு வருஷமாக எரிகிறது.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. சின்னவளுக்கு ஒரு மகள், ஒரு மகன். அந்த இரண்டும் கார் கதவு திறந்ததுமே "பெரியம்மா, ஏரி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடின. பெட்டிகளை இறக்கியது பெற்ற தாய்.

இடம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. ஏரிக்கரையில் வரிசையாக எட்டு மரக் குடில்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறை, நாமே சமைத்துக்கொள்ள ஒரு அடுப்பு, வாசலில் நான்கு மரப்படிகள். கிளம்புவதற்கு முந்தைய மாலை, அந்தப் படிகளில் நின்று அந்த விடுமுறை முகாமின் கேமராவில் இரண்டு படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு படத்தைத் துப்பிவிடுகிற கேமரா. ஒரு படம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்கு, இன்னொன்று நமக்கு. கொடுத்தால் அன்றைய விருந்து இலவசம்.

குடிலுக்குள் நனைந்த சாம்பல் வாசனை அடித்தது. சின்னவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

சின்னவளுக்கு வேலை ஒரு போட்டோ ஸ்டுடியோவில். கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவாள். மணப்பெண்ணின் முகப்பருவை அழிப்பாள், குறுக்கே வந்து நின்ற ஆளைத் தூக்குவாள். அந்தத் திறமைக்குக் கிடைத்த பரிசு, வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கேமரா தானாக அவள் கைக்கு வந்துவிடும். எட்டு வருஷத்து ஆல்பத்தைப் புரட்டினால் கணவன் இருப்பான், பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைத் தோளோடு அணைத்தபடி பெரியவள் இருப்பாள். சின்னவள் எங்கேயும் இருக்க மாட்டாள். நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால், இந்தப் பிள்ளைகளைப் பெற்றவள் இவள்தான் என்று ஆல்பமே சாட்சி சொல்லும் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மகளுக்குப் பெரியம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயசுப் பெண்ணுக்கு ஊட்டல் என்ன வேண்டிக்கிடக்கிறது! பார்க்கப் பொறுக்காமல் சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடில் வாரியாகப் படங்களைக் குத்தி வைத்திருந்தார்கள். ஏழாம் குடிலின் வரிசையில் பதினொரு குடும்பங்கள். அவள் கண் தொழில்காரக் கண், முகத்தை முகமாகப் பார்க்காது, மச்சம் மச்சமாகப் பார்க்கும். மூன்றாவது படத்துக்கு வந்ததும் நின்றாள். திரும்ப முதல் படத்துக்கு வந்தாள்.

பதினொன்றிலும் ஒரே பெண்.

கீழுதட்டுக்கு அடியில் ஒரு மச்சம். குடும்பங்கள் வேறு, வருஷங்கள் வேறு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு குழந்தையின் தோளில் அவள் கை. மாலை வெயில் முகத்தில் அடித்ததால் மற்ற எல்லோரும் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள். அவள் மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தாள்.

எல்லாப் படத்திலும், முதல் படியின் மேல், படமெடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. அது மட்டும் படத்துக்குப் படம் மாறியது. ஒன்றுக்குப் பின்னல், ஒன்றுக்குக் கொண்டை, ஒன்றுக்குத் தொப்பி.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்கு அது பதினொரு வேறு வேறு பெண்களாகத்தான் தெரிந்தது.

"சரி, இதையெல்லாம் எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா வேடிக்கை. அடுத்த வருஷம் திரும்பி வந்தவங்ககிட்டயே கேட்டிருக்கேன். எடுத்தவங்க யாருன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல."

அன்று இரவு சின்னவள் தூங்கவில்லை. பக்கத்து அறையில் பிள்ளைகள் பெரியம்மாவிடம் கதை கேட்டுச் சிரிக்கும் சத்தம். பயம் பாதி, புகைச்சல் பாதி. கடைசியில் புகைச்சல்தான் ஜெயித்தது.

மூன்றாம் நாள் மாலை எல்லோரும் படிகளில் ஏறி நின்றார்கள். கணவன் வழக்கம்போல் கேமராவை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"இந்தத் தடவை அக்கா எடுக்கட்டும்," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

எடுத்தவரை யாரும் நினைவில் வைப்பதில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். ஒரே ஒரு தடவை இவளும் வெளியே நின்று பார்க்கட்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க மனசு விடவில்லை.

பெரியவளின் முகம் மலர்ந்துவிட்டது. "நானே சொல்லணும்னு இருந்தேன். எந்தப் படத்துலயும் நீ இல்லையேன்னு எனக்கு எத்தனை நாளா குறை தெரியுமா? போ, பிள்ளைங்க நடுவுல நில்லு."

சின்னவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகன் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். அந்தச் சுகத்தில் அரை நொடி தாமதித்துவிட்டாள்.

"கொஞ்சம் சிரியேன்டி."

க்ளிக்.

க்ளிக்.

எதிர் வெயிலில் கண் கூசியது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்.

புல்லில் கேமரா கிடந்தது.

அவ்வளவுதான்.

நனைந்த சாம்பல் வாசனை பின்னாலிருந்து வந்தது. மகள் அந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பெரியம்மா, கேமரா கீழ கிடக்கு."

மேல் படியில் ஒருத்தி நின்றிருந்தாள். மகளின் தோளில் அவள் கை. கீழுதட்டுக்கு அடியில் மச்சம். வெயில் நேராக முகத்தில் அடித்தும் கண் இமைக்கவில்லை.

சின்னவள் கத்தினாள், அழுதாள், கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் குழம்பிப் போனான். "அண்ணி இங்கதானே நிக்கிறாங்க? உனக்கு என்ன ஆச்சு?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அண்ணன்காரன் அந்தப் பெண்ணின் தோளில் சால்வையைப் போர்த்திவிட்டான்.

இருட்டும்வரை ஏரிக்கரை முழுக்க "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். எட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் இத்தனை ஆசையாகக் கூப்பிட்டதே இல்லை.

மறுநாள் காரில் பிள்ளைகள் இரண்டும் அந்தப் புதியவளின் மடியில்தான் சாய்ந்து தூங்கின. அவர்கள் தலைக்கு மேலாக அவள் சின்னவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது என்ன பார்வை என்று சின்னவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு வருஷமாகப் பெரியவளைச் சின்னவள் பார்த்து வந்த பார்வையேதான்.

தங்களுக்குக் கிடைத்த படத்தைச் சின்னவள் ஸ்டுடியோவில் கணினியில் ஏற்றினாள். நடுவில் பிள்ளைகளோடு அவள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக. முதல் படியில், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி, தளர்ந்த கொண்டையோடு பெரியவளின் நிழல். பார்க்க முடியாமல் அதை அழித்தாள். மரத்தின் ரேகைகூடப் பிசகாமல் சுத்தமாகத்தான் அழித்தாள்.

மறுநாள் காலை திறந்தபோது நிழல் இரண்டாம் படியில் இருந்தது.

மறுபடி அழித்தாள். அடுத்த நாள் அது மூன்றாம் படிக்கு வந்திருந்தது. உயர்ந்திருந்த கைகளில் ஒன்று இறங்கி, படத்தில் நிற்கும் சின்னவளின் பாதத்தைப் பிடிக்க நீண்டிருந்தது.

அப்போது போன் அடித்தது. மகள்.

"அம்மா, அடுத்த லீவுக்கும் பெரியம்மா அதே குடிலைப் பதிவு பண்ணிட்டாங்க," என்றாள் குதூகலமாக. பிறகு யாரோ பக்கத்திலிருந்து காதில் சொல்வதைக் கேட்பவள்போல் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இந்தத் தடவை படம் நீதான் எடுக்கணுமாம்."