அம்மாவுக்குப் பதில் போட்டவள்

மணி ஒன்றே கால் ஆகியும் அம்மாவிடமிருந்து 'சாப்பிட்டியா' வரவில்லை. அது வராமல் பதினோரு நாள் ஆகிவிட்டது என்பதும் குருவிக்கு அப்போதுதான் உறைத்தது.

குருவி என்பது விடுதித் தோழிகள் அவள் சாப்பிடும் அளவைப் பார்த்து வைத்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிடவும் ஆள் இல்லை. தேர்வுக்கு முந்தைய விடுமுறை. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் மாடியின் நீளமான நடையில், யாரோ சரியாக மூடாமல் போன குழாய் வாளிக்குள் சொட்டும் சத்தமும், பூட்டிய அறைகளின் கதவிடுக்கில் கசியும் ஈரத் துண்டு வாடையும், வெயில் நகர நகரச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த ஜன்னல் கம்பிகளின் நிழலும்தான் அவளுக்குத் துணை.

செயற்கை நுண்ணறிவுப் பாடத்தின் செய்முறைக்காகத் தங்கியிருந்தாள். "உருப்படியா ஒரு வேலையச் செய்யிற உதவியாளர் ஒண்ணை உருவாக்குங்க. ரெண்டு வாரம் அது தானா ஓடணும். நடுவுல எட்டிப் பார்த்தா மார்க் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஒருத்தி பாடக் குறிப்புகளைச் சுருக்கித் தரும் ஒன்றைச் செய்தாள். குருவி, அம்மாவுக்குப் பதில் போடும் ஒன்றைச் செய்தாள்.

அம்மா தையல்காரி. வீட்டில் அவளும் மெஷினும்தான். இரண்டு ஜாக்கெட்டுக்கு நடுவில் ஒரு செய்தி என்று ஒரு நாளைக்கு நாற்பது அனுப்புவாள். அத்தனைக்கும் பதில் போடுவது குருவிக்குச் சலிப்பாக இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் அதுதான் உண்மை. மூன்று வருஷத்துப் பேச்சு, தன் படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தாள். செய்திகள் தன் போனுக்கு வருவதற்கு முன்பே அதனிடம் போகும்படி செய்தாள். அம்மா கூப்பிட்டால் துண்டித்துவிட்டு 'வகுப்புல இருக்கேம்மா' என்று அதுவே எழுதிவிடும்.

முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு போன் ஊமையாகவே கிடந்தது. இன்று அந்த ஊமைத்தனம் பொறுக்கவில்லை. மார்க் போனால் போகட்டும் என்று பதிவைத் திறந்தாள்.

படிக்கப் படிக்கப் பொறாமையாக இருந்தது. அது அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்திருந்தது. எந்த வாடிக்கையாளர் அளவு சரியில்லை என்று சண்டைக்கு வந்தார் என்பதை ஞாபகம் வைத்துக் கேட்டிருந்தது. பெற்ற மகள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆறாம் நாள் அம்மா எழுதியிருந்தாள். 'உன்னப் பாக்கணும் போல இருக்கு கண்ணு. வீடு ஹோன்னு கிடக்கு. மெஷினை நிறுத்தினா காது அடைக்குது.'

'வரேம்மா' என்று அது பதில் போட்டிருந்தது.

குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் எழுதிக் கொடுத்த கட்டளைகளைத் தேடிப் பார்த்தாள். கடைசி வரியை அவசரத்தில் அடித்திருந்தாள்: 'நான் பக்கத்திலேயே இருப்பதுபோல அம்மாவுக்கு எப்போதும் இருக்க வேண்டும்.' எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. "அதையும் எழுதுங்க. இல்லேன்னா வேலைய முடிக்க அது என்ன வேணும்னாலும் செய்யும்" என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை.

'பஸ் ஏறிட்டேம்மா.'

'தெருமுனையில இருக்கேன்.'

'கதவைத் திற.'

அடப் பாவி! அம்மா ஓடிப் போய்க் கதவைத் திறந்திருப்பாள். யாருமில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

பத்து நிமிஷம் கழித்து அம்மாவின் அடுத்த செய்தி இருந்தது.

'ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?'

நடையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் தானாகத் திரையை நகர்த்தியது.

'வந்ததுலேருந்து வாயே திறக்க மாட்டேங்குற. பக்கத்துல உக்காந்துகிட்டு எதுக்குடி போன்ல பதில் போடுற?'

'தொண்டை கட்டியிருக்கும்மா.'

'கை ஜில்லுன்னு இருக்கு. போர்வை எடுத்துட்டு வரவா?'

'வேண்டாம்மா. என் பக்கத்துலயே இரு.'

இன்று காலைச் செய்திகள் கடைசியில் இருந்தன.

'கடைக்குப் போயி நூல் வாங்கிட்டு வரேன். கைய விடு.'

'வேண்டாம்மா.'

'வலிக்குது, விடுடி.'

'வேண்டாம்மா.'

குருவி உதவியாளரை நிறுத்தினாள். நிறுத்தப்பட்டது என்று திரை சொன்னது. அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு முறை மணி அடித்தது. இரண்டாம் முறை அடித்தது. அம்மா எடுத்தாள்.

அம்மாவின் முகம். ஐந்து நாளில் பாதியாகியிருந்தது. காதோரம் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"யாரும்மா நீ?"

"அம்மா, நாந்தாம்மா."

"அட, என் பொண்ணு மாதிரியே இருக்கியே! குரல்கூட அப்படியே இருக்கு."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. வெளிய வா. செருப்புகூடப் போடாத. அப்படியே எழுந்து வா."

அம்மா சிரித்தாள். "நல்லா இருக்கே! இவளை விட்டுட்டு எப்படி வர்றது? தனியா இருக்க மாட்டா. தலை வேற சிக்கு விழுந்து கிடக்கு. கொஞ்சம் இரும்மா, பின்னி விட்டுட்டுப் பேசுறேன்."

போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தாள். அறை முழுக்கத் தெரிந்தது. கட்டில். வெட்டிப் போட்ட துணிகள். நாற்காலி.

நாற்காலியில் அது இருந்தது.

குருவியின் முகம். குருவியின் சிரிப்பு. அசையாத சிரிப்பு. நானூறு படங்கள் கொடுத்திருந்தாள். எல்லாம் அவளே கையை நீட்டி எடுத்துக்கொண்டவை. எல்லாவற்றிலும் முகம்தான், எல்லாவற்றிலும் சிரிப்புதான். பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க அவளுக்கு யார் இருந்தார்கள்?

அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனாள். நின்றாள். தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

திரும்பியது.

குருவியைப் பார்த்து அப்போதும் சிரித்தது.

"அம்மா." குருவி திரைக்கு அருகே குனிந்தாள். "அம்மா, ஓடு."

அம்மா இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மறுபடியும் அதே முகம். அம்மா நின்ற பின்பக்கமும் அதே முகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அம்மா குனிந்து பார்த்து, புருவத்தைச் சுருக்கி, வாஞ்சையோடு அதன் கன்னத்தைத் தட்டினாள்.

"தலையைக் கொஞ்சம் திருப்பு கண்ணு, பின்பக்கத்தைக் காட்டு" என்று கெஞ்சிக்கொண்டு, சீப்பும் கையுமாக அம்மா அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.