பதினொன்று இருபதுக்கு அழுத்திய மணி

"பாய், செத்தவுக மணி அடிப்பாகளா?"

கேட்டுவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார் அமலராணி. இடம் திண்டுக்கல்லில் மதியழகனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, வருடம் 2009. கேள்வி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த சௌகத் அலிக்கு. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் லைன் பழுது தேடி ஓய்வு பெற்றவர். அவரோடு துப்புத் துலக்கக் கிளம்புவதென்றால் மதியழகனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடை எக்கேடும் கெடட்டும்.

"யார் மணி, எந்த மணி? நிதானமாச் சொல்லும்மா."

அமலராணியின் கணவர் அருளப்பன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார். பக்கவாதம் வந்து படுத்ததும் ஆள் வைத்து வீடெங்கும் கேபிள் இழுத்தார். கட்டிலில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் மாடிக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அது அடுப்படிப் பெட்டிக்குச் சொல்ல, அங்கே மணி அடிக்கும். பெட்டியிலுள்ள பச்சைப் பொத்தானை அமலராணி அமுக்கினால் கட்டிலருகே விளக்கு எரியும். 'வாரேன்' என்று அதற்கு அர்த்தம்.

"மே மாசம் தவறிட்டாக. அன்னைக்கு அம்மியில தொவையல் அரைச்சிட்டிருந்தேன். பன்னெண்டு மணிக்குப் பெல் அடிச்சுச்சு. பச்சைப் பொத்தானைக்கூட அமுக்காம ஓடினேன் பாய். உடம்பு சில்லிட்டுக் கெடந்துச்சு. உசுரு போயி அரைமணி ஆச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"கம்ப்யூட்டர்ல பதினொண்ணு இருபதுக்கே பெல் அமுக்குனதா இருக்காம். 'அப்பா கூப்பிட்டும் நாப்பது நிமிஷம் போகாம இருந்தியே'ன்னு எம்மக மலர்விழி பேச்சை விட்டுட்டா. வர்ற வெள்ளிக்கிழமை மதுரையில பேரனுக்கு ஞானஸ்நானம். என்னையக் கூப்பிடல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மணி இன்னும் அடிக்குது பாய். மொதல்ல பன்னெண்டு மணிக்கு. இந்த மாசம் ரெண்டு மணிக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. கோயிலுக்குப் போற நாளுன்னு விட்டுட்டாக போல. நான் வரலைன்னு கோவமா?"

மறுநாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் வெறுங்கட்டில். தலையணை மேல் அருளப்பனின் மூக்குக்கண்ணாடி. காற்றாடி ஓடாமல் வீடு புழுங்கியது. பின்கட்டு அடுப்படியில் பளபளவென்று மிக்ஸி இருந்தது. கொல்லைப்புற அம்மியில் தூசி படிந்திருந்தது.

"அம்மியிலதான் எப்பவும் அரைப்பீங்களாம்மா?"

"இல்ல பாய், மிக்ஸிதான். அன்னைக்கு என்னமோ அம்மிக்குப் போனேன்."

சௌகத் அலி தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் முன்னறைக் காற்றாடி கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. மூன்று நிமிடம் போயிருக்கும்.

டிங் டாங்!

மூவரும் முன்னறைக்கு ஓடிக் கட்டிலைப் பார்த்தார்கள். கண்ணாடி வைத்தபடியே இருந்தது.

"அவுகதான்! கூப்பிடுறாக!" அமலராணி சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

சௌகத் அலி மட்டும் மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இறங்கினார். "நாளைக்கு மலர்விழி இங்க இருக்கணும். மதி, நான் வரச்சொன்னேன்னு போன் போடு."

மலர்விழி வந்தாள். வேண்டாவெறுப்பாக அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன்மா," என்றார் சௌகத் அலி. "மிக்ஸியை வச்சுக்கிட்டு ஒரு பொம்பள எப்ப அம்மிக்குப் போவா?"

"கரண்ட் இல்லாதப்ப."

"மே மாசம் இந்த லைனுக்குப் பத்துலருந்து பன்னெண்டு வரை கட். இந்த மாசம் பன்னெண்டுலருந்து ரெண்டு. ஞாயித்துக்கிழமை கட் கிடையாது. எந்த ஆவி மின்சார வாரியத்து டைம்டேபிளைப் பார்த்து வரும்?"

மதியழகன் தொடையைத் தட்டினான். "அடச்சே! இது எனக்குத் தோணலையே பாய்!"

"மாடியிலயும் கட்டில்லயும் பாட்டரி இருக்கு. அடுப்படிப் பெட்டிக்கு இல்ல. படுத்திருக்கவுகளுக்குக் கரண்ட் வேணும்னு நினைச்ச வாத்தியாரு, மணியைக் கேக்கறவுகளுக்கும் வேணும்னு நினைக்காம விட்டுட்டாரு. கெட்டிக்காரர் விட்ட ஒரே தப்பு அதுதான். பதினொண்ணு இருபதுக்கு அமுக்கினாரு. கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சு, அடுப்படிப் பெட்டி செத்துக் கெடந்துச்சு. கரண்ட் வந்து பெட்டி முழிக்க மூணு நிமிஷம். முழிச்சதும் 'எனக்கு எதுவும் சேதி இருக்கா'ன்னு கேக்கும். கம்ப்யூட்டர் கொடுத்துச்சு. உங்கம்மா காதுல விழுந்ததே அப்பத்தான்."

"செத்து ரெண்டு மாசமாச்சே! இன்னும் ஏன் அடிக்குது?" என்றாள் மலர்விழி.

"பச்சைப் பொத்தானை அமுக்குற வரைக்கும் கம்ப்யூட்டர் அந்தச் சேதியை விடாமப் பிடிச்சு வச்சிருக்கும், பெட்டி முழிக்கிறப்பல்லாம் திரும்பக் கொடுக்கும். புரோகிராம்ல அப்படித்தான் அவரு எழுதி வச்சிருக்காரு. உங்கம்மா அன்னைக்குப் பதறி ஓடினதுல அமுக்கல. அதுக்கப்புறம் யாருக்குன்னு அமுக்குவாக?"

அடுப்படி பியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். எல்லோரும் காத்திருந்தார்கள். மூன்றாவது நிமிடம் மணி அடித்தது.

மலர்விழி உடைந்துபோனாள். "அம்மா, நான் பாவி. ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டேன். வெள்ளிக்கிழமை நீதான் பிள்ளையைத் தூக்கணும்."

அமலராணி மகளை அணைத்துக்கொண்டார். பிறகு பெட்டியருகே போனார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

முன்னறையில் வெறுங்கட்டிலின் தலைமாட்டில் சின்ன விளக்கு எரிந்தது.

"வாரேங்க," என்றார் அமலராணி.

மறுநாள் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மணி அடிக்கவில்லை.

அப்போதுதான் அமலராணி வாய்விட்டு அழுதார்.