பின்னால் வந்தவன்

டோர்ட்மண்டின் வடக்குப் பகுதியில் இருந்த அந்த வீடு போருக்கு முந்தியது. நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. வெளியே ஆகஸ்ட் வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பழைய மரமும் சுண்ணாம்பும் கலந்த வாடை யதுசனின் முகத்தில் மோதியது. அவன் கைப்பிடியைப் பிடித்து மரப்படிகளில் ஏறத் தொடங்கினான்.

மேல் மாடியில் பவளம் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் ஸ்ரீதரன் நோர்வே மலையில் செத்துப்போய் ஒரு வாரம் கடந்துவிட்டது. உடல் இன்னும் வந்து சேரவில்லை. செய்தியைப் பொலிஸ்தான் தொலைபேசியில் சொன்னது. கூடப் போனவன் நேரில் வந்து முகம் காட்ட இத்தனை நாள் பிடித்திருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றான்.

பின்னால் ஒரு படி கிறீச்சிட்டது. அவன் நின்ற பிறகு.

திரும்பிப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் இப்படித்தான். டென்மார்க் கப்பலை விட்டு இறங்கி ஹம்பேர்க் ரயிலில் ஏறியபோது, பரிசோதகர் அவனுடைய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் இருந்த வெறும் இருக்கைக்கு நேரே கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். மலைக்குக் கூடப் போயிருந்த தேனுஜா எதிரே இருந்து அதைப் பார்த்தாள். எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள்.

பயணம் யதுசனின் யோசனை. மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். முதுகுப்பையும் ஒரு கூடாரமும் இருந்தால் போதும், நோர்வேயில் மலையில் எங்கே படுத்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று எங்கோ வாசித்திருந்தான். நூடில்ஸ் பைக்கற்றும் தகரத்தில் அடைத்த மீனும் கொண்டுபோனால் சாப்பாட்டுச் செலவும் இல்லை. யதுசனிடமும் தேனுஜாவிடமும் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. ஸ்ரீதரனிடமும் தாயிடமும் இருந்தது டுல்டுங் மட்டும். இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்லும் தாள். அதை வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டவே அனுமதி எடுக்க வேண்டும்.

"எனக்கு ஏலாது மச்சான்," என்றிருந்தான் ஸ்ரீதரன். "பிடிபட்டா அம்மாவையும் சேர்த்து பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

"எல்லையிலை ஆர் நிக்கிறான்? ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள். நான் இருக்கிறன்தானே."

உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. ஸ்ரீதரன் ஜெர்மனிக்கு வந்த பிறகு கண்ட முதல் வெளிநாடு அது. பனி உருகி அருவியாய் இறங்குவதையும், கண்ணாடி போலக் கிடந்த ஏரிகளையும் வாய் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தான். அதனால் எப்போதும் பின்தங்கினான். "நில்லுங்கோடா, வாறன்," என்று பின்னாலிருந்து கத்துவான். மற்ற இருவரும் சிரித்துக்கொண்டு நடையைத் தொடர்வார்கள்.

மூடுபனி இறங்கிய மாலையிலும் அப்படித்தான் நடந்தார்கள். கூடாரம் அடித்து முடித்தும் அவன் வரவில்லை. அந்தப் பருவத்தில் அங்கே முழு இருட்டு விழுவதில்லை. எல்லாத் திசையிலும் ஒரே வெள்ளை மங்கல். அதற்குள் எங்கோ பள்ளத்தில் தண்ணீர் இரைந்தது. இரைச்சலுக்கு நடுவே ஸ்ரீதரனின் குரல் கேட்டது.

தேனுஜா தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றான் யதுசன். "பொலிஸ் வந்தா முதலிலை பேப்பரைத்தான் கேக்கும். அவன் வந்திடுவான்."

இருவரும் இரண்டு முறை போய்த் தேடினார்கள். பனியில் தங்கள் கூடாரமே கண்ணுக்குத் தெரியாமல் போகத் திரும்பிவிட்டார்கள். தேனுஜா மறுபடியும் தொலைபேசியை எடுத்தபோது யதுசன் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. விடியும் பக்கம் நின்றது. வெளிச்சம் தெளிந்தபின் யதுசனே உதவிக்கு அழைத்தான். ஓடையில் கால் முறிந்து கிடந்த உடலைப் பார்த்த வைத்தியர், விழுந்ததால் சாகவில்லை, பனித்தண்ணீரின் குளிர்தான் கொன்றது என்றார்.

மேல் மாடி வந்தது. மணியை அழுத்தினான்.

பவளம் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், அவன் தோளுக்கு மேலாலும் பார்த்தாள். அவன் உள்ளே வந்த பின்னும் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"உன்னோடை வேறை ஆரும் வந்தவையோ?"

"இல்லை அன்ரி."

கதவை மெல்லச் சாத்தினாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அழுது ஓய்ந்த முகம். கேட்க வேண்டியதை முந்தானையைப் பிசைந்தபடி கேட்டாள்.

"பிள்ளை வேதனைப்பட்டவனோ, தம்பி? ஆரையும் கூப்பிட்டவனோ?"

"இல்லை அன்ரி. விழுந்த உடனை போயிட்டான். ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

கதவுக்கு வெளியே பாரமான ஏதோ ஒன்றை யாரோ தரையில் இறக்கி வைத்தார்கள்.

முதுகுப்பை வாரின் இரும்புக் கொளுவி ஒன்று மரத்தில் பட்டுச் சிணுங்கியது.

பிறகு மூச்சு. நெடுந்தூரம் நடந்தவன் படியில் குந்தியிருந்து விடும் மூச்சு.

கதவின் கீழ் இடுக்கால் குளிர் வந்தது. ஈரப்பாசியின் மணம் வந்தது. தேத்தண்ணியின் ஆவி அடங்கிப்போனது.

"வாசலிலை ஆரோ," என்று பவளம் எழுந்தாள்.

யதுசன் அவளுக்கு முன்னால் ஓடிக் கதவில் முதுகை வைத்து நின்றான். சட்டைக்கு மேலால் பலகையின் குளிர் முதுகில் ஊறியது.

"திறக்காதேங்கோ அன்ரி."

"ஏன்?"

"கொஞ்சம் பொறுங்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மலையில் தேனுஜாவிடம் சொன்ன அதே சொல். முதுகுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், மூச்சும் அவனைப் போலவே பொறுத்து நின்றது.

"கூப்பிட்டவன் அன்ரி," என்றான். "இரவு முழுக்கக் கூப்பிட்டவன். தேனுஜா உதவிக்குப் போன் அடிக்கப் போனவள், நான்தான் விடேல்லை. பேப்பர் கேப்பாங்கள் எண்டு."

பவளம் அவனையே பார்த்தாள். "எங்களை அனுப்பிப்போடுவாங்கள் எண்டோ?"

ஓம் என்று வாய்வரை வந்தது. இத்தனை நாளும் தேனுஜாவுக்கும் தனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இல்லை," என்றான். "கூட்டிக்கொண்டு போனது நான். எனக்குப் பயம்."

அவள் அடிக்கவில்லை, சபிக்கவில்லை. கதவை மறைத்து நிற்கும் நாற்காலியை நகர்த்துவது போல ஒரு கையால் அவனை ஒதுக்கிவிட்டுத் திறந்தாள்.

படிக்கட்டில் ஒருவரும் இல்லை. வாசற்பலகை மட்டும் நனைந்து கறுத்திருந்தது.

பவளம் படிகளைப் பார்க்கவில்லை. தன் உயரத்துக்குச் சற்று மேலே, வெறும் காற்றில், ஓரிடத்தைப் பார்த்தாள். ஸ்ரீதரன் தாயைவிட உயரம்.

"நனைஞ்சுபோய் வந்திருக்கிறாய்," என்றாள்.

முந்தானையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். துணியில் ஈரம் ஊறிப் பரவியது.

"நீ போ, தம்பி."

அது தனக்குச் சொன்னது என்று யதுசனுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. சுவரோடு ஒட்டி வெளியேறினான். வாசலில் ஏதோ ஒன்று அவன் கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காதைக் கொடுத்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தோளிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தெருவில் நின்று அழுதான்.

அந்த மாதக் கடைசியில் சவப்பெட்டி வந்தது. சுமந்தவர்களில் யதுசனும் ஒருவன். தேனுஜா வந்து தூரத்தில் நின்றாள்; அவனோடு பேசவில்லை. பவளம் வரவில்லை. எரிக்கும் முன் அவளை எப்படியாவது கூட்டிவரச் சொல்லி ஆட்கள் அவனைத்தான் அனுப்பினார்கள்.

சங்கிலியைக் கழற்றாமல், ஒரு சாண் இடைவெளிக்குத்தான் கதவைத் திறந்தாள். உள்ளே யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுடுதண்ணீரின் ஆவி வந்தது.

"வாங்கோ அன்ரி. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"எனக்கு வர ஏலாது, தம்பி," என்றாள் மெல்லிய குரலில். "அவன்ரை காலைத் தேய்ச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறன். எவ்வளவு தேய்ச்சும் சூடு ஏறுதில்லை. நான் கையை எடுத்தா நடுங்கிறான்."

கதவைச் சாத்த விளிம்பைப் பற்றினாள். யதுசன் அவளுடைய கையைப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டும் அந்த வெயில் நாளில், அது விரல்நுனியிலிருந்து முழங்கைவரை நீலம் பாரித்து விறைத்திருந்தது.