ஒன்றரை மணி நேரத் தூரம்

கோமதி சொல்லி முடிப்பதற்குள் உலகநாதன் பதில் சொல்லிவிட்டான்.

"கொய்யா காய்க்க ஆரம்பிச்சிட்டு. உங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல," என்றாள் அவள்.

"நீ தின்னா நான் தின்ன மாதிரிதான் கோமு," என்று திரையில் சிரித்தான்.

அவன் இருந்தது வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலவில், பனிப்பாறையைக் குடைந்து நீர் எடுக்கும் நிலையத்தில். தென்காசியில் அவள் வீட்டிலிருந்து ஒரு சொல் அங்கே போய்ப் பதில் திரும்பிவர, ஒளியின் வேகத்தில் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனாலும் அடுத்த அறையில் இருக்கிறவன் போல அவன் உடனுக்குடன் பேசினான். விரைவகம் வந்தபிறகு எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

விரைவகம் ஒரு நிரல் நூலகம். மூலநிரல் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொகுத்துத் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அதிலுள்ள கூறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம், காத்திருப்பை இல்லாமல் ஆக்குவது. புருஷன் கலிஸ்டோவுக்குப் போன புதிதில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கிடந்து தவித்த கோமதிதான் அதை எழுதத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்திலிருந்து துவாரகன் சேர்ந்துகொண்டான். அவன் மனைவியும் அப்போது விண்வெளியில் வேலையில் இருந்தாள். இன்று பக்கத்துத் தெருவுக்குப் பேசுகிறவர்கள்கூட விரைவகம் இல்லாமல் பேசுவதில்லை. எதிராளி யோசிக்கிற நேரத்தைக்கூடச் சகிக்க முடியாதவர்களாக எல்லோரும் ஆகியிருந்தார்கள்.

அதன் உயிர்நாடி முன்னூகி. ஒருவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அவர் என்ன சொல்வார் என்று ஊகித்து, அவர் குரலிலும் முகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடும். மறுமுனையில் ஒப்பி என்று ஒரு கூறு உட்கார்ந்திருக்கும். மனிதர் உண்மையில் சொன்னதும் முன்னூகி சொன்னதும் ஒத்துப்போனால் அது எதையும் அனுப்பாது. மாறினால் மட்டும் திருத்தம் வரும்.

புதிய பதிப்பு வெளியாக வேண்டிய வாரம் துவாரகன் கூப்பிட்டான்.

"அக்கா, இதை ஒருக்கா வெறும் இயந்திரத்தில தொகுத்துப் பாருங்கோ. எங்கட கணினிகளில பழைய சாமான் நிறைய ஒட்டிக்கிடக்கு. ஏதும் குறை இருந்தாலும் தெரியாது."

கோமதி புதுக் கணினி ஒன்றை மேசையில் வைத்து மூலநிரலை இறக்கினாள். மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் தொகுப்பி வரிவரியாக ஓடியது. இரண்டு இடத்தில் நின்றது; விடுபட்டிருந்த துணை நிரல்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். செய்தியைச் சிறிதாக்கி அனுப்பும் சுருக்கி ஏறியது, ஒப்பி ஏறியது. முன்னூகியும் ஏறியது, ஆனால் வெறுமையாக. உலகநாதனின் பேச்சுப் பழக்கத்தைப் பழைய கணினியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்கு வாய் திறக்கும்.

கொண்டுவரப் போனவள் நின்றாள். இன்று ஒருநாள் அவனே பேசட்டும் என்று தோன்றியது. அவன் ஒரு சொல்லுக்காகத் தடுமாறுவதையும், "இந்தா... அது வந்து..." என்று இழுப்பதையும் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. முன்பெல்லாம் அந்த இழுப்புக்கு எரிச்சல்படுவாள். இப்போது அதைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் போனது. சாயங்காலம் ஆனது. மறுநாளும் திரையில் ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய்ப் பழைய கணினியைத் திறந்தாள்.

"நேத்து எங்க போயிட்ட? தேடிட்டேன்," என்றான் உலகநாதன், அதே சிரிப்போடு.

அவள் அதை அணைத்துவிட்டுத் துவாரகனை அழைத்தாள்.

"அவர் முன்னூகி சொல்லக்கூடியதையேதான் சொல்லியிருப்பார் அக்கா. அதால ஒப்பி அனுப்பியிருக்காது."

"ரெண்டு நாளா ஒரு சொல்கூடவா மாறாது?"

துவாரகன் தயங்கிச் சொன்னான்: "பேசாம இருந்தாலும் அனுப்பாது, அக்கா. ஆள் வேலை முடிஞ்சு களைச்சுப்போய் இருக்கும், முன்னூகி பேசட்டும் எண்டு நாங்கள்தானே எழுதினனாங்கள்."

உலகநாதனிடமிருந்து கடைசியாகத் திருத்தம் எப்போது வந்தது என்று தேடினாள். போன மழைக்காலத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கலிஸ்டோவிலிருந்து வரவில்லை.

நடுவில்தான் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அன்று இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அழுதபோது, "நான் இருக்கேன்ல கோமு" என்று அவன் சொன்னான். சரியான நேரத்தில், சரியான குரலில். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த மாதங்களைக் கடந்தாள்.

நிலையத்தின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். உலகநாதன் நலமாக இருக்கிறார், தினமும் வேலைக்கு வருகிறார் என்று பதில் வந்தது. நிம்மதியில் உட்கார்ந்துவிட்டாள். உடனே கோபம் வந்தது. அப்புறம் ஏக்கம் மட்டும் மிஞ்சியது.

இந்த முனையில் மட்டும் முன்னூகியை எடுத்தால் போதாது, அங்கேயும் ஒப்பி வாசலை மறித்துக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கூறுகளையும் பிடுங்கிவிட்டு விரைவகத்தைப் புதிதாகத் தொகுத்தாள். ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த நிரல் லேசில் பிரியவில்லை. இரண்டு நாள் பிடித்தது. தொகுத்ததை நிலையத்துக்கு அனுப்பி, அவன் அறையில் நிறுவித் தரும்படி அங்கிருந்த தொழில்நுட்பப் பெண்ணைக் கேட்டுக்கொண்டாள். கூடவே ஒரு வரி: "நான் கோமதிதான். ஏதாவது பேசுங்க."

மறுநாள் காலையில் திரையில் ஒரு முகம் வந்தது. நரைத்த தாடி, ஒடுங்கிய கன்னம். பழைய கணினியில் சிரித்துக்கொண்டிருந்தவனைவிடப் பல வயது மூத்த ஒருவன்.

"கோமு... இந்தா... எப்படிச் சொல்ல," என்று அவன் தொடங்கினான். குரல் கரகரத்தது. "துளைப்பான் தவறி எனக்குக் கையில அடிபட்டுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு ஓடிவந்தேன். நான் வாயை மூடுறதுக்குள்ள நீ ஆறுதல் சொல்லி முடிச்சிட்ட. நான் என்ன எதிர்பார்த்தேனோ அதையே. எனக்கு நானே பேசிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. சொன்னதை உனக்கு அனுப்பாமலே அழிச்சிட்டேன். அதுக்கப்புறம் இந்த அறைக்கு வரப் பிடிக்கல. நான் இல்லைன்னு நீ கண்டுபிடிச்சுக் கூப்பிடுவேன்னு இருந்தேன். நீ கூப்பிடல. சரி, உனக்கு அவனே போதும்போலன்னு நெனச்சேன்."

பிறகு அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னான்.

"அத்தை போன சேதி வரிசையில கிடந்துச்சு. இன்னைக்குத்தான் கேட்டேன். நீ அழுதது முழுசும் கேட்டேன் கோமு."

அவன் சொன்னதில் அவள் எதிர்பார்த்தது ஒன்றுகூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து நாளுக்கு ஐந்தாறு வாக்கியம்தான். ஒன்று அனுப்பிவிட்டுத் துணி துவைப்பாள், சோறு வடிப்பாள், காது மட்டும் திரைப் பக்கம் இருக்கும். காத்திருக்கும்போதுதான் அவன் தூரத்தில் இருக்கிறான் என்பதும், இருக்கிறான் என்பதும் உறைத்தது.

முன்னூகி இல்லாத பதிப்பை வெளியிட்டாள். வேகம் இல்லை என்று பயனர்கள் திட்டினார்கள், பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். ஆனால் என்ன நடந்தது என்று அவள் எழுதிய விளக்கத்தை நிறையப் பேர் படித்துவிட்டு, தாங்கள் பேசுவது யாரிடம் என்று கலங்கவும் செய்தார்கள். சில மாதம் கழித்துத் துவாரகன் கூப்பிட்டான்.

"அக்கா, எங்கட மூலநிரலை எடுத்து ஆரோ புதுசா ஒண்டு சேர்த்திருக்கினம். தயங்கி எண்டு பேர். முன்னூகியைத் திக்கவைக்கும், இருமவைக்கும், தூரத்துக்கு ஏற்ற மாதிரி மணிக்கணக்கில காக்கவைக்கும். இடைக்கிட எதிர்பாராததும் சொல்லும். உண்மையான ஆளோட கதைக்கிற மாதிரி இருக்காம். எல்லாரும் நிறுவுகினம்."

"நல்லா எழுதியிருக்காங்களா?"

"அதுதான் பயமாயிருக்கு. நல்லா எழுதியிருக்கினம்."

அந்தச் செய்தி கலிஸ்டோவுக்கும் போயிருந்தது. அடுத்த நாள் உலகநாதன் வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் கேட்டான்: "கோமு, இங்க எல்லாரும் அதைத்தான் போட்டிருக்காங்க. என் கணினியில யார் என்ன ஏத்துனாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்ப பேசுறது நீதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்க?"

அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த எதையாவது சொல்லலாம் என்று யோசித்தாள். அவன் போவதற்கு முன் நடந்ததைக்கூட அவர்கள் திரும்பத் திரும்பப் பேசியிருந்தார்கள்; எல்லாமே அந்த நிரல் வழியாகத்தான் போயிருந்தது. அழலாம், அதுவும் அதற்குத் தெரியும். யோசிக்க யோசிக்க, அவன் சந்தேகம் அவளையும் தொற்றியது. கேட்டது அவன்தானா?

"தெரியாதுங்க. எனக்கும் தெரியல," என்றாள் கடைசியில். "வேலை முடிஞ்சதும் ஊருக்கு வந்துருங்க."

அனுப்பிவிட்டு எங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"வர்றேன்."

அதைச் சொன்னது அவன்தான் என்று நம்பிவிடுவது என முடிவெடுத்தாள்.