கழித்துவிட்ட ஒன்று

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சின்னத் திரை, வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர் என்று சொன்னது.

பெரியம்மா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள். இருப்பது அவள் ஒருத்தி. காலையிலிருந்து அழைப்பு மணி அடிக்கவில்லை, கதவும் திறக்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்ததால் ஜன்னல்களைக்கூடச் சாத்தி வைத்திருந்தாள்.

"உனக்கும் வயசாயிடுச்சா?" என்று திரையைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

தங்கை மகள் கூப்பிட்ட பெயரைத் தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டதால் அவள் எல்லோருக்கும் பெரியம்மாதான். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். பிழைப்புக்கு அது. ஆசைக்கு வேறு ஒன்று வைத்திருந்தாள். பத்தொன்பது வயதில், டிவியில் மாட்டி ஓட்டுகிற ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்தவள், அன்றிலிருந்து யாரும் கேட்காத ப்ரோகிராம்களை எழுதிக்கொண்டே இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னால் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

வாசல் திரையும் அவள் கைவேலைதான். வாசல் நிலையில், முழங்கால் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத இரண்டு கதிர்கள், வெளிப்பக்கம் ஒன்றும் உள்பக்கம் ஒன்றுமாக, குறுக்கே ஓடும். வெளிக் கதிர் முதலில் அறுந்தால் ஒருவர் உள்ளே வந்தார், உள் கதிர் முதலில் அறுந்தால் ஒருவர் வெளியே போனார். அறுபடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பதினோரு வருடத்தில் அது தப்பாகச் சொன்னதில்லை.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பதிவைப் பார்த்தாள். '10.12. உள்ளே ஒருவர்.' கதிர் விடும் கண்ணாடிக் கண்களைத் துணியால் துடைத்தாள். கதவைத் திறந்து வெளியே போனாள். திரை ஒன்று என்றது. உள்ளே வந்தாள். இரண்டு. கதிர்களில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒருவர் மட்டும்தான் இடித்தது.

போகட்டும் என்று பின்னறைக்குப் போனாள். அன்று அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. இரண்டு நாளில் தங்கை மகள் குட்டியின் வீட்டுக்கே போய்விடுவதாக ஏற்பாடு. குட்டியின் குழந்தைக்கு எட்டு மாதம். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, எடையும் ஏறவில்லை. எந்த டாக்டரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. குட்டி பாதியாக இளைத்துப் போயிருந்தாள். பெரியம்மா வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஃபோனில் அழுதாள். அதனால் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை எல்லாம் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி பழைய சாமான் வாங்குகிறவரிடம் சொல்லியாகிவிட்டது.

கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியம்மா எழுதிய எதையும் அழித்தவள் இல்லை. வேண்டாத வரியைக்கூட ஓடாமல் நிறுத்தி வைப்பாளே தவிர, எடுத்துவிட மாட்டாள். நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, இன்று காலையில்தான், டைப் அடிக்கப் பழகுவதற்காகப் பத்தொன்பது வயதில் எழுதிய ப்ரோகிராமை அழித்திருந்தாள். பத்து மணி தாண்டி இருக்கும்.

அடுத்தது சீட்டாட்டம். தங்கையோடு விளையாடுவதற்காக எழுதியது. கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். கட்டம் கட்டமான ராஜா ராணிகள் பச்சை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து விழ, தோற்கிற சமயம் பார்த்து மின்சார வயரைக் காலால் இழுத்துவிடுகிற தங்கையின் திருட்டுச் சிரிப்பு ஞாபகம் வந்து, பெரியம்மா தனியாகச் சிரித்தாள். பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, தட்டினாள்.

டிக்.

வாசல் பக்கமிருந்து வந்தது. பிறகு, கதவுக்கு உள்பக்கம் போட்டிருந்த நார் மிதியடி மெல்ல நசுங்கி நிமிர்கிற சத்தம். அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். கதவு சாத்தியே இருந்தது. மேல் தாழ்ப்பாள் போட்டபடி. மேகம் இறங்கியதில் மத்தியானக் கூடம் சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது, அந்த மங்கலில் சின்னத் திரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மூன்று.

எக்ஸ்ரே கழுவும் இருட்டறையில் காலம் தள்ளியவளுக்கு இருட்டிடம் பயம் கிடையாது. ஆனால் இப்போது பயந்தாள். பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும், அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"தப்பு எங்கயோ இருக்கு. இரு, கண்டுபிடிக்கிறேன்," என்றாள் சத்தமாக.

எழுதிய ப்ரோகிராம்களை எல்லாம் தாளில் அச்சடித்து ஒரு தடிமனான ஃபைலில் சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கூடத்து மேஜைக்குக் கொண்டுவந்து, விளக்கைப் போட்டு, காலையில் அழித்ததை எடுத்தாள். அடித்த எழுத்துகளை எண்ணும் இடத்தில், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்திருந்தாள். ஓரத்தில் பத்தொன்பது வயதுக் கையெழுத்து: 'நான் அடிப்பதைவிட ஒன்று கூடவே வருது. கழித்தாச்சு.'

ப்ரோகிராம் எழுதுகிற எவருக்கும் பழக்கமான தவறு அது. பத்துக் கம்பம் நட்டவன் இடைவெளியும் பத்து என்று எண்ணிவிடுகிற மாதிரி, எண்ணிக்கையில் ஒன்று கூடிப்போகும். எங்கே கூடியது என்று தேடப் பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.

சீட்டாட்டத்தின் தாளைத் திருப்பினாள். 'நானும் தங்கச்சியும் ரெண்டு பேர். இது மூணு பேருக்குச் சீட்டு போடுது. கழித்தாச்சு.'

ஆஸ்பத்திரி வரிசைக்காக எழுதிய டோக்கன் ப்ரோகிராம். 'தினமும் கடைசி டோக்கனுக்கு ஆள் வர்றதில்லை. கழித்தாச்சு.'

மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மாவின் விரல் அடுத்த தாளைத் திருப்பத் தயங்கியது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தங்கை படுத்த படுக்கையாக இருந்தபோது, இரவில் தான் கண்ணயர்ந்தாலும் தெரிய வேண்டும் என்று எழுதியது. சின்ன மைக் ஒன்று அறையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் அலறும்.

'அவள் தனியா இருக்கும்போதும் ரெண்டு காட்டுது. கழித்தாச்சு.'

அந்த நாட்களில் தங்கை ஒரு நாள் சொன்னாள். "அக்கா, ராத்திரி என் காதுகிட்ட யாரோ மூச்சு விடுறாங்கக்கா."

"அது நான்தான்டி. தூங்கு," என்று பெரியம்மா சொன்னாள். அவள் அப்போது பக்கத்து அறையில் படுத்துக்கொண்டிருந்தாள். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன பொய். ஒரு விடியற்காலையில் பூஜ்யம் வந்து பெட்டி அலறியது. ஒன்றைக் கழித்த பிறகு வந்த பூஜ்யம். அந்த ஒன்று யார் என்று அவள் கேட்கவே இல்லை.

பெரியம்மா ஃபைலை மூடினாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், அதே ப்ரோகிராமை எடுத்துத் தூசி தட்டி, ஒரு வரிகூட மாற்றாமல், மைக் வைத்த ஒரு பெட்டியில் போட்டு, குட்டியின் வீட்டுத் தொட்டிலுக்கு அனுப்பி வைத்திருந்தாள்.

கழித்தலோடு சேர்த்து.

ஃபோன் போட்டாள். குட்டி எடுப்பதற்குள் பெரியம்மா கூடத்து மேஜையில் இருந்த தன் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டாள். அதற்கு வழி வைத்திருந்தாள். தொட்டில் அறையில் மூச்சு விடுபவர்: 1.

"பாப்பா எங்கடி?"

"தொட்டில்ல பெரியம்மா. இப்பதான் அழுது ஓய்ஞ்சா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அந்த ரூம்ல வேற யாரு?"

"யாரும் இல்ல. நான் சமையலறையில இருக்கேன். அவர் ஆபீஸ்ல."

பெரியம்மா அந்தக் கழித்தலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

2.

"பாப்பாவைத் தூக்கிட்டு ஹாலுக்கு வா. கேள்வி கேட்காத. ஓடு."

காலடிச் சத்தம். குழந்தையின் சிணுங்கல். திரையில் எண் மூன்றாக ஏறிக் குறைந்தது. ஒன்று. வெறும் தொட்டில் இருக்கும் வெறும் அறையில் ஒன்று. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதுவும் குறைந்தது. பூஜ்யம்.

ஃபோனில், ஹாலில், குழந்தை வீறிட்டது.

"பெரியம்மா, இவ ஏன் இப்படி என் தோளுக்குப் பின்னாடியே பாத்து அழறா?"

பெரியம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் ஒன்றை அழித்தாள், ஒன்று வந்தது. மத்தியானம் ஒன்றை அழித்தாள், இன்னொன்று வந்தது. எழுதியவளிடம் வருகின்றன. இதை அழித்தால் இதுவும் வரும். இங்கே. தாழ்ப்பாள் போட்ட இந்த வீட்டுக்கு. ஏற்கெனவே இரண்டு நிற்கிற இந்தக் கூடத்துக்கு.

எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"தங்கச்சியை விட்டுட்டேன்," என்றாள் மெதுவாக, ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பி. "இவளை விட மாட்டேன். வா. இங்க வா."

தட்டினாள். அழிந்தது.

எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். கதவை அகலத் திறந்தாள். மழை. காலித் தெரு. ஒரு தெருவிளக்கு. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

டிக்.

அவள் உடையின் ஓரம் உள்பக்கமாக ஒதுங்கியது. முழங்காலுக்குக் கீழே. தவழ்ந்து போகிற உயரத்தில்.

நான்கு.

"பெரியம்மா!" ஃபோனில் குட்டியின் குரல் மாறியிருந்தது. "தூங்கிட்டா! தோள்ல சாஞ்சு அப்படியே தூங்கிட்டா! என்ன பண்ணீங்க?"

"ஒரு வரி தப்பா எழுதியிருந்தேன். திருத்திட்டேன்."

"நாளன்னிக்கு வந்துடுவீங்கல்ல? உங்க கட்டில்கூடப் போட்டு வச்சுட்டேன்."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும், அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

"வரலை. நீயும் இங்க வராத. யாரையும் அனுப்பாத. பாப்பாவுக்கு என் முத்தம்."

"என்ன பெரியம்மா இது? நான் என்ன தப்பு..."

ஃபோனை வைத்தாள். அழுதாள். முகத்தைத் துடைத்தாள்.

பிறகு பின்னறைக்குப் போய் டோக்கன் ப்ரோகிராமை அழித்தாள். டிக். தங்கையின் மூச்சு ப்ரோகிராமை எடுத்தாள். "நீ யாருடான்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்றாள். அழித்தாள்.

டிக்.

கூடத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். பூட்டு. சாவியைக் கதவிடுக்கு வழியாக வெளியே மழையில் தள்ளினாள். நாற்காலியை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெளியே போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திரை ஆறு என்றது. அவளையும் சேர்த்து. அதை நம்பலாமா? எட்டி மேஜையிலிருந்து ஃபைலை எடுத்துக் கடைசித் தாளைப் பார்த்தாள். வாசல் ப்ரோகிராம். பதினோரு வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்து.

'ஒன்று கூடவே காட்டுது. கழித்தாச்சு.'

ஏழு.

பதினோரு வருடமும். சாப்பிட்டபோது. தூங்கியபோது.

"இருங்க," என்றாள். குரல் உடைந்தது, மறுபடி சொன்னாள். "எல்லாரும் இருங்க. இனி ஒருத்தரையும் கழிக்க மாட்டேன். எண்ணிக்கிட்டே இருப்பேன். ஒருத்தரும் இங்கேர்ந்து போக முடியாது."

மழை நின்றுவிட்டது. அப்போதுதான் கேட்டது. கூடம் முழுக்க மூச்சு. தாழ்வாக ஒன்று. உயரத்தில் ஒன்று. மேஜைக்கு அடியில் ஒன்று. எல்லாம் அவள் விடுகிறபோது விட்டன, இழுக்கிறபோது இழுத்தன.

அவள் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

அறையும் பிடித்தது.

நெஞ்சு அடைத்தது. பிடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் பொறி பறந்தது. கடைசியில் முடியாமல் விட்டாள்.

அறை விடவில்லை. மூச்சைப் பிடித்தபடியே ஒன்று நாற்காலியை நோக்கி வர, அவள் காலருகே மிதியடி நசுங்கியது.