எட்டு வாரமும் கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இசக்கியம்மாள் தன் நிழலியின் முகத்தில் படிந்த செந்தூசியைத் துடைப்பாள். கழுத்தில் தன் பெயர் வில்லையை மாட்டிச் சொற்பொழிவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்வாள். செவ்வாய்க் கோளின் ஒன்பதாம் சுரங்கக் குழியில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நிழலி என்பது இடுப்புயர இயந்திரம். தண்ணீர் வரிசையில் நிற்கும், மருத்துவமனையில் சீட்டு வாங்கும், துக்கம் விசாரித்துவிட்டும் வரும். ஆளுக்குப் பதில் ஆள்.

சொற்பொழிவின் தலைப்பு 'அமெரிக்கச் சமூக நிறுவனங்கள்: வரலாறும் எதிர்காலமும்'. பொது நூலகம், ஜூரி, தொழிற்சங்கம், ஊர்க்கூட்டம் என்று எட்டு வாரத்துக்கு எட்டு. குழியை நடத்துவது ஓர் அமெரிக்கக் கம்பெனி. தொழிலாளிகள் ஊர்க்கூட்டம் போட்டு வேலை விதிகளை முடிவுசெய்யலாம் என்று இறங்கி வந்தபோது அது ஒரு நிபந்தனையும் வைத்தது: எட்டையும் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் கை தூக்கும் உரிமை. ஆறு நாள் பாறை குடைந்தவன் ஏழாம் நாள் எங்கே உட்காருவான்? பேராசிரியரே பூமியில் இருந்துகொண்டு தன் நிழலியைத்தான் பேச அனுப்பியிருந்தார்.

ஒன்பதாவது ஞாயிறு ஊர்க்கூட்டம். தீர்மானம் ஒன்றே ஒன்று: குடைவு வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பத்தாகக் குறைப்பது. இசக்கிக்கு அது கை விஷயம். துளைப்பான் அதிர்ந்து அதிர்ந்து வலது கையில் மூன்று விரல் மரத்துவிட்டது. பத்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் இரண்டே வருஷத்தில் கை விளங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று அவளே நேரில் போனாள். கூடக் குடையும் வண்ணமுத்துவும் வந்தான். மண்டபத்தில் இருநூறு நாற்காலியிலும் நிழலிகள்.

"எந்திரி. இது என் இடம்."

"எட்டு வாரமா நான்தான உக்காந்திருக்கேன், யக்கா," என்றது அவள் நிழலி.

கூட்டச் செயலர் தனக்கோடி ஓடி வந்தாள். "விதியில 'கேட்டவர்'னுதான் போட்டிருக்கு. நீங்க ஒரு வாரமாச்சும் வந்தீங்களாம்மா?"

வண்ணமுத்துதான் சமாதானம் செய்தான். "விடு இசக்கி. நமக்காகத்தான வந்திருக்கு. அது தூக்குனா என்ன, நாம தூக்குனா என்ன? கை வலிக்காம வேடிக்கை பாப்போம்." அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

"பத்து மணி நேரம் வேண்டாம்ங்கிறவங்க?" என்றாள் தனக்கோடி.

இருநூறு உலோகக் கைகளும் மேலே போயின.

"ஏ மூதி! என் கையைப் பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

"பாக்கத்தான் செய்யுதேன், யக்கா. நீங்க விடுத ரெண்டு மணி நேரம் யாரு தலையில விழும்? எங்களைத்தான் குழிக்குள்ள இறக்குவாவ. அந்தத் தூசிக்கு எங்க மூட்டு மூணு மாசம் தாங்காது."

"இந்தப் பேச்செல்லாம் எங்க படிச்ச?"

"அஞ்சாவது வாரம். தொழிற்சங்கம். நல்லாச் சொன்னாரு. நீங்க தூங்கிட்டு இருந்திய."

தீர்மானம் தோற்றது. அடுத்த ஊர்க்கூட்டம் ஒரு வருஷம் கழித்து. அதற்கான எட்டுச் சொற்பொழிவும் வருகிற ஞாயிறே தொடக்கம். தனக்கோடி பெயர் எழுதிக்கொள்ள உட்கார்ந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றவள் இசக்கிதான். வலது கையில் பேனா நிற்கவில்லை. இடது கையால் கோணல்மாணலாக 'நேரில்' என்று எழுதினாள்.

ஆறு நாள் குடைந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்தாள், இடுப்பு நிமிரவில்லை. நிழலி முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு, பெயர் வில்லையோடு வாசலில் நின்றது.

"மொத வாரம் சும்மா முன்னுரைதான இருக்கும்?"

"ஆமா, யக்கா."

"அடுத்த வாரம் நான் வந்துருவேன், பாத்துக்கோ."

"சரி, யக்கா. நீங்க படுங்க."

அவள் தூக்கம் கலையாதபடி நிழலி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனது.